ஒன்பது அங்குலச் சுவர்

என் அண்ணனுக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று ராத்திரி, மிஞ்சிப்போன லட்டுகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டே அம்மா ஒரு கேள்வி கேட்டாள்.

"அதெல்லாம் சரி, கல்யாணம் முடிஞ்சு வந்து ரெண்டு பேரும் எங்கே படுப்பாங்க?"

யாரும் பதில் சொல்லவில்லை. எங்கள் ஃப்ளாட்டின் லட்சணம் அப்படி. மொத்தம் 540 சதுர அடி. 1983ல் கட்டிய இரண்டு மாடிக் கட்டடத்தில் முதல் மாடி. ஒரு ஹால், ஒரு பெட்ரூம், நின்ற இடத்தில் திரும்பினால் எல்லாமே கைக்கு எட்டுகிற சமையலறை. பெட்ரூமில் அப்பா, அம்மா, பீரோ. ஹாலில் அண்ணன், நான், டி.வி. இதில் பீரோவுக்குத்தான் கொஞ்சம் வசதியான இடம்.

"நாங்க ஹாலுக்கு வந்துடறோம். பெட்ரூமை அவங்களுக்குக் குடுத்துடலாம்" என்றார் அப்பா, தியாகி மாதிரி.

"குடுத்துட்டு? பாத்ரூமுக்கு வழி பெட்ரூம் வழியாத்தானே? ராத்திரி மூணு தடவை எழுந்திருக்கிற ஆள் நீங்க. புதுசாக் கல்யாணம் ஆனவங்க ரூமுக்குள்ள டார்ச் லைட் அடிச்சுக்கிட்டுப் போவீங்களா?"

அப்பா லட்டை வைத்துவிட்டார்.

நான் தினசரி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கத்தில் படம் போட்டேன். பெட்ரூம் சுவரை நாலடி ஹால் பக்கம் தள்ளினால் போதும். நடுவில் ஒரு தடுப்பு. இரண்டு சின்ன அறைகள், ஓரமாக பாத்ரூமுக்குத் தனி வழி. பேப்பரில் பிரமாதமாக வந்தது. "இவனை ஆர்க்கிடெக்சர் படிக்க வெச்சிருக்கலாம்" என்று அம்மாவே சொன்னாள். எங்கள் வீட்டில் என்னைப் பற்றி அப்படியெல்லாம் பேசுவது அபூர்வம்.

மறுநாள் மேஸ்திரி வந்தார். சுவரை விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டினார். டாக்டர் முதுகில் தட்டிப் பார்ப்பாரே, அதே தோரணை. உதட்டைப் பிதுக்கினார்.

"ஒம்போது இஞ்சு செவுரு சார். மேல் மாடியையும் மொட்டை மாடி டாங்க்கையும் இதான் தூக்கிட்டு நிக்குது. இதுல கை வெச்சா மேல் வீட்டு மாமி ஊஞ்சலோட நம்ம ஹாலுக்கு வந்துருவாங்க."

"அப்போ அந்தப் பக்கத்துச் சுவர்?"

"அது நாலரை இஞ்சுதான், உடைக்கலாம். ஆனா பாத்ரூம் குழாய் மொத்தமும் அதுக்குள்ளதான் போவுது."

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று பெரியவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னதற்குக் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. இரண்டு மாதம் சமாளித்துப் பார்த்தோம். அப்பா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தண்ணீர் குடிப்பதை நிறுத்திப் பார்த்தார். மூன்றாம் மாதம் அண்ணன் மேடவாக்கத்தில் ஒரு வாடகை வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். சொந்தக்காரர்கள் உடனே தீர்ப்பு எழுதிவிட்டார்கள்: மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒத்துப்போகவில்லையாம்! அம்மா அதைக் கேட்டு ஒரு நாள் முழுக்க அழுதாள். அண்ணியும் அம்மாவும் இன்றைக்கும் தினம் முக்கால் மணி நேரம் போனில் பேசுகிறார்கள். பிரித்தது சுவர். ஆனால் சுவரைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

எங்கள் ஆபீஸில் சிவில் இன்ஜினீயரிங் படித்துவிட்டு க்ளெய்ம் ஃபைல் பார்க்கிற நண்பன் ஒருவன் இருக்கிறான். அவனிடம் புலம்பினேன். "உங்க வீட்டுல மட்டுமாடா? இதை வெச்சு உலகத்துல அறுபது வருஷமா ஆராய்ச்சி பண்ணிக்கிட்டிருக்காங்க" என்று ஆரம்பித்தான். படித்த படிப்பை யாரும் கேட்காமல் ஏங்கிக்கொண்டிருந்தவன். அன்று லஞ்ச் முடிந்து வெகு நேரம் வரை அவன் டேபிளில் எந்த ஃபைலும் நகரவில்லை.

முதலில் அவன் காட்டிய போட்டோவைப் பார்த்ததும் எனக்கு ஆசை வந்துவிட்டது. வாஷிங் மெஷின்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கன்னாபின்னாவென்று அடுக்கினாற்போல் ஒரு கட்டடம். டோக்கியோவில் கின்ஸா பக்கத்தில் 1972ல் கட்டிய நாககின் காப்ஸ்யூல் டவர். கட்டியவர் கிஷோ குரோகாவா, அப்போது நாற்பது வயதுகூட ஆகாத ஆர்க்கிடெக்ட். நடுவில் லிஃப்டும் படியுமாக இரண்டு தூண் கோபுரங்கள். அவற்றைச் சுற்றி 140 பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியும் ஒரு வீடு, சுமார் நூறு சதுர அடி. தொழிற்சாலையில் முழுசாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனில் தூக்கி, கோபுரத்தில் நாலே நாலு போல்ட் போட்டு மாட்டிவிட்டார்கள். உள்ளே கட்டில், மடக்கு மேஜை, டெலிபோன், விமானத்தில் இருப்பது மாதிரி குட்டி பாத்ரூம், பெரிய வட்ட ஜன்னல். கேட்டால் டி.வி.யும் டேப் ரிகார்டரும் உண்டு. சமையலறை கிடையாது. ஆபீஸில் நள்ளிரவு வரை உழைத்துவிட்டுக் கடைசி ரயிலைக் கோட்டை விடுகிற சம்பளக்கார ஆசாமிகளுக்காகவே யோசித்துச் செய்தது. பேச்சலர் மனசு தெரிந்த மனிதர்!

குரோகாவாவும் அவர் நண்பர்களும் தங்கள் கொள்கைக்கு 'மெட்டபாலிசம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். உடம்பில் பழைய செல் போய்ப் புது செல் வருகிற மாதிரி, கட்டடமும் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமாம். கோபுரம் நிரந்தரம், பெட்டி தற்காலிகம். 25 வருஷத்துக்கு ஒரு தடவை போல்ட்டைக் கழற்றிப் பழைய பெட்டியை எடுத்துவிட்டுப் புதுசு மாட்டிக்கொள்ளலாம், டி.வி. ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றுவது போல.

"எத்தனை பெட்டி மாத்தினாங்க?" என்றேன்.

"ஒண்ணுகூட இல்லை."

ஐம்பது வருஷத்தில் ஒன்றுகூட! அடியில் இருக்கிற பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் மேலே இருப்பவற்றையும் எடுத்தாக வேண்டும். பெட்டிக்குப் பெட்டி வேறு வேறு சொந்தக்காரர்கள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சம்மதித்துப் பணமும் போட்டால்தான் காரியம் நடக்கும். எங்கள் அபார்ட்மென்ட்டில் மோட்டார் ரூமுக்குப் பூட்டு மாற்ற மூன்று மீட்டிங் ஆயிற்று. ஜப்பானியர்களும் மனிதர்கள்தானே? மழைத் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. உள்ளே ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது ஒரு பயம். 2007ல் குடியிருப்போர் ஓட்டெடுப்பு வைத்து, இடித்துவிடலாம் என்றார்கள். அதே வருஷம் குரோகாவா காலமானார். 2010ல் சுடுதண்ணீர் நின்றது. 2022 ஏப்ரலில் பிரிக்க ஆரம்பித்தார்கள். 23 பெட்டிகளை மட்டும் காப்பாற்றினார்கள். சில மியூசியத்துக்குப் போயின. கழற்றி மாட்டுவதற்காகவே கட்டிய வீடு கடைசியில் ஒரே ஒரு தடவைதான் கழன்றது.

இதை நண்பன் சொன்னபோது சிரித்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்ததும் கொஞ்சம் உறுத்தியது. பெட்டியையே மாற்றலாம் என்று யோசித்தவருக்கு, பெட்டிக்குள் இருக்கிறவன் மாறுவான் என்று தோன்றவில்லையே! அந்தச் சம்பளக்காரனுக்குக் கல்யாணம் ஆனால்? பக்கத்துப் பெட்டியை வாங்கி நடுச்சுவரை எடுக்க வழி வேண்டாமா? நூறு சதுர அடி என்றால் நூறு சதுர அடிதான். அந்த விஷயத்தில் எங்கள் ஒன்பது அங்குலச் சுவருக்கு அது தம்பிமுறை.

அடுத்த நாள் நண்பன் சொன்ன ஆள் வேறு மாதிரி. ஜான் ஹப்ராக்கன். ஒல்லாந்துக்காரர், ஆனால் 1928ல் பிறந்தது இந்தோனேஷியாவின் பாண்டுங்கில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஒல்லாந்தில் பயங்கர வீட்டுப் பஞ்சம். ஒரே அச்சில் வார்த்த மாதிரி அடுக்குமாடிகளை வரிசை வரிசையாகக் கட்டித் தள்ளினார்கள். எல்லோரும் எத்தனை வீடு, எவ்வளவு சீக்கிரம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது, 1961ல் இவர் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். விஷயம் இதுதான்: குடியிருப்பவன் கை படாத இடம் வீடு ஆகாது. ஆகையால் வேலையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். தாங்குவது ஒன்று: தூண், தளம், படிக்கட்டு, பெரிய குழாய்கள். அது எல்லோருக்கும் பொது, நூறு வருஷம் நிற்கட்டும். நிரப்புவது ஒன்று: உள்சுவர், கதவு, அலமாரி, சமையல் மேடை. அது குடியிருப்பவன் பாடு. கல்யாணம் ஆனால் ஒரு சுவர் ஏறும், பையன் வெளியூர் போனால் இறங்கும்.

ரெடிமேட் பேன்ட்டும் இல்லை, தையற்கடையும் இல்லை. பேன்ட் ரெடிமேட், கால் நீளம் மட்டும் நம் காலுக்கு மடித்துத் தைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஹப்ராக்கன்தான் பீர் பாட்டிலில் வீடு கட்டப் பார்த்தவர் என்றால் நீங்கள் நம்ப வேண்டும். ஹைனகன் பீர் கம்பெனியின் முதலாளி கரீபியன் கடலில் குராசாவ் தீவுக்குப் போனபோது, ஒரு பக்கம் குடிசைகள், ஒரு பக்கம் தன் கம்பெனியின் காலி பாட்டில்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்தார். குடித்த பிறகு செங்கல் ஆகிற மாதிரி ஒரு பாட்டில் செய்தால் என்ன? ஹப்ராக்கனைப் பிடித்தார். 1963ல் சதுர பாட்டில் தயாரானது. படுக்க வைத்து அடுக்கினால் ஒன்றின் கழுத்து அடுத்ததன் அடியில் இருக்கும் குழிக்குள் உட்காரும். நடுவில் கலவை பூச வேண்டியது. முதலாளி வீட்டுத் தோட்டத்தில் ஒரு சின்னக் கொட்டகை கட்டிப் பார்த்தார்கள், நின்றது. ஆனால் கம்பெனி மேற்கொண்டு போகவில்லை. அந்த பாட்டில் மட்டும் நம் ஊருக்கு வந்திருந்தால் நம் வீட்டுப் பிரச்னை எப்போதோ தீர்ந்திருக்கும். குடிமகன்கள் ஆளுக்கொரு பங்களா எழுப்பியிருப்பார்கள்.

விளையாட்டு போகட்டும். 1960களின் நடுவில் ஒல்லாந்து ஆர்க்கிடெக்டுகள் சேர்ந்து இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கி, ஹப்ராக்கனை அதற்குப் பொறுப்பாக்கினார்கள். அங்கே போட்ட முக்கியமான புள்ளி ஒன்று ரொம்ப எளிமையானது. வீட்டுத் தரை முழுக்க 10 சென்டிமீட்டர், 20 சென்டிமீட்டர் என்று மாறி மாறிக் கோடு போட்டுக்கொள்வது, கட்டம் போட்ட லுங்கி மாதிரி. சுவரோ அலமாரியோ எங்கே வந்து முடிய வேண்டும் என்பதற்கு அந்தக் கட்டம்தான் சட்டம். ஒரு கம்பெனி கதவு செய்யட்டும், இன்னொன்று சுவர் செய்யட்டும், இருவரும் சந்திக்கவே வேண்டாம். தளத்தில் வந்து பொருந்திவிடும். மாட்யூலர் என்ற வார்த்தையை மாட்யூலர் கிச்சன் விளம்பரத்தில் மட்டும் பார்த்திருந்த எனக்கு அதன் உள்விவகாரம் அப்போதுதான் விளங்கியது. ஜப்பானியர்கள் பாய் அளவை வைத்து அறையைக் கணக்கிடுவார்கள், ஆறு பாய் ரூம், எட்டு பாய் ரூம் என்று. அதே சமாசாரம்தான்.

சொன்னது வெறும் பேப்பரோடு நிற்கவில்லை. 1970களில் பாப்பன்ட்ரெக்ட் என்ற ஊரில் ஃபிரான்ஸ் வான் டெர் வெர்ஃப் என்ற ஆர்க்கிடெக்ட் இந்த முறையில் ஒரு குடியிருப்பே கட்டினார். தூணும் தளமும் எழும்பிய பிறகு, ஒவ்வொரு குடும்பத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்து, உங்களுக்கு எங்கே சுவர் வேண்டும் என்று கேட்டு வரைந்து கொடுத்தார். கவனியுங்கள், அவை வாடகை வீடுகள்! எங்கள் அண்ணனின் ஹவுஸ் ஓனர் காலண்டர் மாட்ட ஆணி அடிப்பதற்கே முன் அனுமதி கேட்கச் சொல்கிறார்.

"எல்லாம் சரிடா, பாத்ரூமை என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டேன். என் கவலை எனக்கு.

நண்பன் முகம் மலர்ந்தது. உண்மையான தகராறு சுவரில் இல்லையாம், சாக்கடையில்தானாம். நல்ல தண்ணீர்க் குழாய் சொன்னபடி கேட்கும், எங்கே வேண்டுமானாலும் வளைத்துக்கொண்டு போகலாம். கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும். பாத்ரூமைப் பத்தடி தள்ளினால் குழாயும் பத்தடி சரிந்துகொண்டே வர வேண்டும். அதற்குத் தரைக்கடியில் இடம் எங்கே? தளத்தை உடைத்தால் கீழ்வீட்டுக்காரர் தலைக்கு மேல். அதனால்தான் ஃப்ளாட்டில் எதை வேண்டுமானாலும் மாற்றுகிறவர்கள் கக்கூஸை மட்டும் தொடுவதில்லை.

இதற்கும் ஒஸாகாவில் விடை தேடியிருக்கிறார்கள். அந்த ஊர் காஸ் கம்பெனி 1993ல் நெக்ஸ்ட்-21 என்று ஒரு சோதனைக் கட்டடம் கட்டியது. 18 வீடுகள், 13 ஆர்க்கிடெக்டுகள். கான்கிரீட் எலும்புக்கூடு ஒன்று, அதற்குள் ஆளுக்கொரு மாதிரி வீடு. தளத்துக்கு மேல் இன்னொரு பொய்த் தரை. நடுவில் இருக்கும் இடைவெளியில் குழாய்கள் ஓடுகின்றன. கம்பெனி ஊழியர்களையே குடிவைத்து, வருஷக்கணக்கில் உள்ளே மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். ஆபீஸ் செலவில் பாத்ரூமை நகர்த்திப் பார்க்கிற உத்தியோகம்! இங்கே அப்ளிகேஷன் போட வழியில்லை.

இவ்வளவு பணமும் பொய்த் தரையும் இல்லாதவன் என்ன செய்வது? அதற்கு நம் தேசத்திலேயே ஆள் இருந்தார். பி.வி. தோஷி. 2018ல் பிரிட்ஸ்கர் பரிசு வாங்கிய முதல் இந்தியர், 2023ல் காலமானார். 1980களில் இந்தூருக்கு வெளியே ஆரண்யா என்ற குடியிருப்புக்கு அவரும் அவருடைய குழுவும் திட்டம் போட்டார்கள். சுமார் 6,500 மனைகள். மிகச் சிறியது 35 சதுர மீட்டர், நம் கணக்கில் 380 சதுர அடி. ஏழைகளுக்கு முழு வீடு கட்டித் தரக் காசு இல்லை. அஸ்திவார மேடை, கக்கூஸ், குழாய், ஓர் அறை, இவ்வளவுதான் தந்தார்கள். மிச்சம் உன் கையில். மாதிரிக்கு 80 வீடுகள் கட்டிக் காட்டினார்கள்: இப்படி மாடி எடுக்கலாம், இப்படிப் படி வைக்கலாம் என்று. யாரும் அவற்றை அப்படியே காப்பியடிக்கவில்லை, அதுதான் அழகு. ஒருவர் முன்னால் கடை போட்டார், ஒருவர் மாடி எடுத்து வாடகைக்கு விட்டார். சாக்கடைச் சரிவு, தெரு அகலம் மாதிரி, பிறகு மாற்ற முடியாதவற்றை மட்டும் முதலிலேயே ஒழுங்காகச் செய்துவிட்டார்கள்.

சிலே நாட்டில் இகிகே என்ற ஊரில் 2004ல் அலஹாந்த்ரோ அரவேனாவின் குழு செய்ததும் இதே ஜாதி. ஒரு குடும்பத்துக்கு நிலம் உட்பட 7,500 டாலர்தான் மானியம். அதில் கெட்டியான சின்ன வீடு கட்டலாம், அல்லது நல்ல வீட்டில் பாதி கட்டலாம். அவர்கள் பாதியைக் கட்டினார்கள். சமையலறை, பாத்ரூம், படி எல்லாம் இந்தப் பாதியில். அந்தப் பாதி வெறும் இடைவெளி, காசு சேரும்போது நிரப்பிக்கொள். அரசாங்கம் பாதி வீட்டோடு கை கழுவ இது நல்ல சாக்கு என்று திட்டுகிறவர்களும் உண்டு. அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எங்கள் அப்பாவிடம் 1983ல் யாராவது, "இந்தாங்க பாதி, மீதியை உங்க பிள்ளைங்க கல்யாணத்துக்குக் கட்டிக்குங்க" என்று சொல்லியிருந்தால் அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டிருப்பார்.

தாத்தா வீட்டில் இதெல்லாம் ஆராய்ச்சி இல்லாமலே நடந்தது. சித்தப்பாவுக்குக் கல்யாணம் என்றதும் திண்ணையை அடைத்து ஓர் அறை ஆக்கினார்கள். அத்தை பிரசவத்துக்கு வந்தபோது கொல்லையில் ஒரு சாய்ப்பு இறக்கினார்கள். கொத்தனாருக்கு இரண்டு நாள் கூலி. ஆனால் அந்த வீட்டைச் சுற்றி ஏழு சென்ட் காலி இடம் இருந்தது. சென்னையில் மொட்டை மாடியில் துணி காயப்போடுவதற்கே கொடி பாகப்பிரிவினை நடக்கிறது.

சென்னையிலும் புதுசு வராமல் இல்லை. பெரும்பாக்கத்தில் முன்கூட்டியே வார்த்த கான்கிரீட் பாகங்களைத் தளத்தில் கொண்டுவந்து பொருத்தி 1,152 வீடுகள் கட்டினார்கள். 2021 ஜனவரியில் அடிக்கல், 2022 மே மாதம் திறப்பு. கூரை இல்லாதவனுக்குக் காத்திருக்கிற ஒவ்வொரு மாதமும் வாடகை, அதனால் வேகத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. ஆனால் அந்த ஆராய்ச்சி சீக்கிரம் கட்டுவதைப் பற்றியது. பத்து வருஷம் கழித்து ஒரு பையனுக்குக் கல்யாணம் ஆனால் என்ன என்கிற ஆராய்ச்சி வேறு.

போன மாசம் எனக்கும் வீட்டில் பெண் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள். அம்மா இந்தத் தடவை ஜாதகத்துக்கு முன்னால் ஃப்ளாட்டைப் பார்க்கலாம் என்றாள். லோன் போட்டுக் கொஞ்சம் பெரிசாக வாங்கினால் அண்ணன், அண்ணியையும் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று அவளுக்கு ஒரு நப்பாசை. பழைய மகாபலிபுரம் ரோட்டில் ஒரு கம்பெனியின் மாடல் ஃப்ளாட்டுக்குப் போனோம். டை கட்டிய பையன் ஜூஸ் கொடுத்து, பளபளவென்று பிளான் தாளை விரித்தான்.

"தம்பி, இதுல எந்தெந்தச் சுவரை இடிக்கலாம்?" என்றேன்.

பையன் வெலவெலத்துப் போனான். "சார், நாங்க இன்னும் பத்தாவது மாடியே போடலை. அதுக்குள்ள இடிக்கிறதைப் பத்திக் கேக்கறீங்களே!"

"இல்லைப்பா, பின்னாடி ஒரு ரூமை ரெண்டாக்கணும், இல்லை ரெண்டை ஒண்ணாக்கணும்னா..."

"அந்தக் கவலையே வேண்டாம் சார்" என்று நிமிர்ந்தான். "இது செங்கல் வேலையே கிடையாது. மைவான் டெக்னாலஜி. அலுமினிய அச்சு வெச்சு சுவர், தளம் எல்லாத்தையும் ஒரே வார்ப்பா கான்கிரீட்ல ஊத்தறோம். பெட்ரூம் தடுப்புகூட கான்கிரீட்தான். ஆணி அடிக்கிறதுக்கே ட்ரில் மெஷின் வேணும். நூறு வருஷத்துக்கு அசையாது!"

"அதான் பயமா இருக்கு" என்றேன்.

அண்ணன் என் காலை மிதித்தான். அம்மா எதையும் காதில் வாங்கிக்கொள்ளாமல், அந்த மாடல் ஃப்ளாட்டின் பெட்ரூம் சுவரருகே போய் நின்று, விரல் முட்டியால் நாலு இடத்தில் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.